எறியக் கூடாத சீட்டு

தேவானைக்கு ஐம்பத்து நாலு வயது. ஆற்றங்கரைக் குடிசையை இடித்தபோது செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்ட குடும்பம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் ஆறு மாதப் பயிற்சி, பதினோரு வருட வேலை. இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்குள் மயிலாப்பூரில் ஜெயபாரதி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஜெயபாரதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. பக்கவாதம் வந்து இரண்டு மாதம். இடது கை விழுந்துவிட்டது. கால் தேறியிருந்தது, ஆனால் நடக்கச் சொன்னால் மாட்டேன் என்பார்.

கெஞ்சுவது தேவானைக்கு வராது. எக்ஸ்சேஞ்சில் சாப்பாட்டு நேரத்தில் இந்த அம்மா மூணு சீட்டு ஆடுவார் என்று கேள்விப்பட்டதும், ஒரு சீட்டுக்கட்டும் சீட்டைச் செருகி நிற்க வைக்க ஒரு மரக்கட்டையும் வாங்கி வந்தாள். பந்தயம் காசு இல்லை. அம்மா தோற்றால் பந்தயம் கட்டிய அளவு அடி நடக்க வேண்டும். தேவானை தோற்றால் அத்தனை நிமிஷம் அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஆளுக்கு மூன்று சீட்டு. பார்த்துவிட்டுப் பந்தயத்தை ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். கையில் குப்பையை வைத்துக்கொண்டு துணிந்து ஏற்றி, எதிராளியை எறிய வைப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. தேவானைக்கு அது நன்றாக வரும். படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போதுகூட மாறாத முகம் அவளுக்கு. ஆனால் எதிராளி எதற்குப் பயப்படுவார் என்று தெரிந்தால்தானே பயம் காட்ட முடியும். ஜெயபாரதி ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு இருபது வரை ஏற்றுவார். அடுத்த ஆட்டத்தில் ராஜா மாதிரியான நல்ல கையை எறிந்துவிடுவார். எறியும்போது ஒரு குத்தலும் உண்டு.

"ரெண்டு சீட்டு போட்டு ஏமாத்தறியாடி?"

"ஆமாம்மா, மூணாவத வித்துதான் பஸ்ஸுக்குக் குடுத்தேன்."

சீட்டுப் போடுகிறவளைத் திருடி என்பது எந்த ஆட்டத்திலும் உள்ளதுதான். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மகன் செம்பியனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா தட்டில் பாதியை அப்படியே வைக்கிறார், நடந்தால் கதவில் இடிக்கிறார், இப்போது சீட்டும் தாறுமாறாக ஆடுகிறார். புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்துவிட்டான். பெருங்குடியில் நினைவு தப்பியவர்களைப் பூட்டிய கதவுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் பேசியாயிற்று. வியாழக்கிழமை சேர்ப்பதாக ஏற்பாடு. அம்மாவிடம் செக்கப் என்று சொல்லி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஜெயபாரதி எறிந்த சீட்டை எடுத்துப் பார்த்த தேவானை நிறுத்திவிட்டாள். ஸ்பேடில் ஏழு, எட்டு, ஒன்பது. குப்பையை வைத்து ஏற்றுவது இந்த அம்மாவின் குணம், அதில் கோளாறு இல்லை. ஆனால் ஒரே இனத்தில் வரிசையாக மூன்றும் விழுந்த இந்தக் கையை எந்த ஆட்டக்காரியும் எறிய மாட்டாள்.

"மெய்யாலுமே ரெண்டு சீட்டுதான் இருந்துச்சாம்மா?"

"நான் தமிழ்லதானே சொல்றேன்? எட்டு, ஒன்பது. அதை வெச்சு என்ன பண்றது?"

தேவானை அதே மூன்று சீட்டை அதே வரிசையில் கட்டையில் செருகி, கட்டையை ஜெயபாரதியின் வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இப்போ இன்னா சொல்ற?"

ஜெயபாரதி கொஞ்ச நேரம் பார்த்தார். "முப்பது."

பயிற்சியில் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சிலருக்குக் கண் நன்றாக இருக்கும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் ஏறாது. தட்டில் மிஞ்சுவது எப்போதும் இடது பாதி. இடிப்பதும் இடது தோள். பதினோரு வருட வேலைக்காரிக்கு இது முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டும். பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த செம்பியனை அழைத்து, கட்டையை இடமும் வலமுமாக நகர்த்திக் காட்டினாள்.

"சார், அம்மாக்குப் புத்தி நல்லாதான் கீது. லெஃப்டு பக்கம்தான் தெரியல."

"சீட்டு ஆடறதை வெச்சு நீங்களே முடிவு பண்ணிடுவீங்களா?"

"நானு பண்ணல. டாக்டரு பண்ணட்டும். நீயும் சீட்ட வெச்சுதானே முடிவு பண்ண?"

ஜெயபாரதிதான் பேசினார்.

"செக்கப்புக்கு யாராவது எட்டுப் புடவை எடுத்து வைப்பாங்களாடா? முப்பது வருஷம் ஊரார் பேச்சுக்கு நடுவுல உட்கார்ந்தவ நான். நீ போன்ல பேசினா எனக்குக் கேக்காதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"என் கையில என்ன இருந்துச்சு, கத்தறதுக்கு? கத்தியிருந்தா அதையும் பைத்தியம்னு எழுதிக்குவே. வியாழக்கிழமை டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ. புத்தி இல்லைன்னு அவர் சொல்லட்டும், பொட்டியை நானே தூக்கிக்கறேன்."

அடையாறு டாக்டர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வலது பாதியிலேயே நெருக்கிக்கொண்டு நின்றன. பிறகு கணக்கு, தேதி, பழைய வேலை என்று அரைமணி நேரம் கேள்வி கேட்டார். ஜெயபாரதி எதற்கும் திணறவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள், பல மாதம் பிடிக்கும் என்றார் டாக்டர். முழுக்கச் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை, செம்பியனும் கேட்கவில்லை.

வெளியே வந்து, ஆட்டோவில் ஏறும் முன் அவன் பெருங்குடிக்குப் போன் செய்தான். இடம் வேண்டாம் என்று சொன்னான்.

ஜெயபாரதி அவன் பக்கம் திரும்பவில்லை. கூட வந்திருந்த தேவானையின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் திருப்பி, இடது காலை முதலில் உள்ளே வைக்க முயன்றுகொண்டிருந்தார்.