ஏழாம் நம்பர் யாருன்னு கேட்ட கிராணி

இன்னிக்கு குனோங் ராபாட் கிளினிக்கில டாக்டர் வீடியோவில வந்தாரு. கவுன்டர் பொண்ணு, "ஆன்டி, உடம்புக்கு என்னன்னு இங்கேயே நின்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க லா"ன்னுச்சு. என் பின்னால பத்துப் பேரு.

"ரூம் குடும்மா. இல்லாட்டி வாயே திறக்க மாட்டேன்."

ரூம் கிடைச்சிருச்சு.

இந்தத் திமிரு எண்பதுகள்ல வந்தது. அப்ப சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் கிளினிக்கில நான் நர்ஸ். டவுன் டாக்டர்கிட்ட கேக்கணும்னா, இருக்கிற ஒரே போன் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மேசையில. நான் பேரையும் வியாதியையும் சொல்லச் சொல்ல அவரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒருத்தி மாசமா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், மறுநாள் வேலை பிரிக்கிற பெரட்டுல அவளுக்குப் பால்மரம் வெட்டுற வேலை கிடையாது.

அதனால டாக்டரும் நானும் ஆளுக்கொரு நோட்டு வச்சோம். பேருக்குப் பதிலா நம்பர்.

"டாக்டர், ஏழாம் நம்பருக்கு மூணு மாசம்"னேன் போன்ல.

கிராணி எழுந்துட்டாரு. "யாரு அது? நோட்டைக் குடு மிஸ்ஸி. இது எஸ்டேட் போன்."

"போன் எஸ்டேட்டோடது கிராணியாரே. வயிறு அவளோடது."

"உன் வேலை போயிரும்."

"போகட்டும்."

வேலையும் போகலே, நோட்டும் அவரு கைக்குப் போகலே.

ரெண்டு மாசம் கழிச்சு அதே கிராணி கிளினிக் கதவை மெல்லச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. "மிஸ்ஸி, எனக்கும் ஒரு நம்பர் போடுங்க."

போட்டேன்.

என்ன வியாதின்னு கமென்ட்ல கேக்கிறவங்க கேளுங்க. நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, சொல்ல மாட்டேன்.