ஸ்லேட்டரி கோவேறுகளின் அழுக்குத் துணி

டூயி டிரெக்ஸ்லர் அகதா ருசின்கோவுக்கு முந்நூற்றுப் பதினெட்டு டாலர் பாக்கி வைத்திருந்தார். ஐம்பத்து மூன்றாம் வருடத்து பேஸ்பால் பருவம் முழுக்கத் தன் அணியின் சீருடைகளை அவளிடம் வெளுக்கப் போட்ட கூலி அது. ஒரு சென்ட் கூடத் தரவில்லை. அடுத்த வருடம் மே மாதம், முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், அதே சீருடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து அவள் சலவைக்கூடத்தில் இறக்கினார். முகத்தில் வெட்கம் இருந்ததா என்றால், சுருட்டு இருந்தது.

டிரெக்ஸ்லர் கடையில் கட்டிலும் கிடைக்கும், சவப்பெட்டியும் கிடைக்கும். ஒரு மனிதனைப் படுக்கவைக்கத் தேவையான எல்லாம் அவரிடம் உண்டு. அணியையும் அப்படித்தான் படுக்கவைத்திருந்தார். ஸ்லேட்டரி எங்கள் ஊர், அணியின் பெயர் ஸ்லேட்டரி கோவேறுகள். எங்கள் சுரங்கத்தில் ஒருகாலத்தில் நிலக்கரி வண்டி இழுத்த கோவேறு கழுதைகளின் ஞாபகமாக வைத்த பெயர். அந்தக் கழுதைகள் ஏதோ கொஞ்சமாவது இழுத்தன.

"மிஸஸ் ருசின்கோ, இந்த வருஷம் பாருங்க, டீம் பிரமாதம். நாலு ஆட்டம் ஜெயிச்சா போதும், கூட்டம் பிச்சுக்கும். முதல் காசு உங்களுக்குத்தான்."

"போன வருஷமும் முதல் காசு எனக்குத்தான்னு சொன்னீங்க, மிஸ்டர் டிரெக்ஸ்லர். ரெண்டாவது காசு யாருக்குப் போச்சுன்னாவது சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் மூட்டையைப் பிரித்தாள். வேறென்ன செய்வாள்? வாசலில் நிற்கும் வேலையைத் திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

அகதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எட்டு வயதில் சுரங்கக் கழிவு மேட்டில் கரித்துண்டு பொறுக்கினாள். பதினாறு வயதில் தங்கும் விடுதியில் சுரங்கத் தொழிலாளிகளின் முதுகுத் தோல் மாதிரியே ஆகிவிட்ட சட்டைகளைப் பலகையில் தேய்த்தாள். கையால் தேய்த்த காசில் ஒரு இயந்திரம் வாங்கினாள், அது தேய்த்த காசில் இன்னும் மூன்று. இப்போது மெயின் தெருவில் சொந்தக் கட்டடம், வாசலில் அவள் பெயர். "இந்த ஊர்ல டாக்டர் சட்டைக் காலரும் பாதிரியார் சட்டைக் காலரும் என் கஞ்சியிலதான் நிக்குது" என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள், யாரும் கேட்காமலே சொல்வாள். சொல்லட்டுமே. சொந்தக் கையால் மேலே வந்தவள், பின்னே யார் சொல்வது?

அந்தக் கை இந்த வருடம் ஒரே ஒரு தப்புச் செய்திருந்தது. நீராவி இஸ்திரி இயந்திரம் வாங்க வங்கியில் கையெழுத்துப் போட்டிருந்தது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் நானூறு டாலர் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வண்டி வந்து இயந்திரத்தைத் தூக்கிப் போய்விடும். சுரங்கம் மூடினதிலிருந்து புருஷன் வாசிலுக்கு வேலை இல்லை. ஆக, டிரெக்ஸ்லர் பாக்கி வந்தால் இயந்திரம் உண்டு, வராவிட்டால் இல்லை.

வாசிலுக்கு வேலை இல்லையே தவிர, ஓய்வு இல்லை. கோவேறுகளின் எல்லா ஆட்டத்தையும் மரப்பலகைப் படியில் உட்கார்ந்து பார்த்து முடிக்கவேண்டியிருந்தது.

மே மாதம் முழுக்கத் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, கற்பனையோடு தோற்றார்கள். ஒரு நாள் பந்தெறிபவன் எறிந்த பந்து எங்கள் தீயணைப்பு வண்டிக் கண்ணாடியை உடைத்தது. இன்னொரு நாள் இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி மோதிக்கொண்டு மல்லாந்தார்கள். பந்து இருவருக்கும் நடுவில் நிம்மதியாகக் கிடந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சீருடைகள் அகதாவிடம் வந்தன. தரையில் அத்தனை முறை விழுந்திருந்தார்கள். செம்மண், புல் கறை, மார்பெல்லாம் வழிந்த புகையிலைச் சாறு. அவள் ஊறவைத்து, தேய்த்து, நீலம் போட்டுக் காயவைத்தாள். பாக்கி முந்நூற்று நாற்பதானது, அறுபதானது.

ஜூனில் திடீரென்று ஆடத் தெரிந்தது. கார்ட்ரைட் என்ற நெட்டைப் பையன் பந்தெறிந்தால் எதிரணிக்காரன் மட்டையைத் தூக்குவதற்குள் வேலை முடிந்துவிடும். கூட்டம் கொஞ்சம் சேர்ந்தது. டிரெக்ஸ்லர் பெருந்தன்மையோடு அகதாவுக்கு ஒரு செக் எழுதிக்கொடுத்தார். அவள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள். செக் அவளோடேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஜூலையில் டிரெக்ஸ்லர் கார்ட்ரைட்டைப் பெரிய ஊர் அணி ஒன்றுக்கு விற்றுவிட்டார். பதிலுக்குக் கொஞ்சம் பணமும், அணியின் பஸ்ஸுக்கு நாலு டயரும் கிடைத்தன.

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றான் வாசில், பிரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டிக்கொண்டே. "இப்போ தோக்குற எடத்துக்கு சீக்கிரமாப் போய்ச் சேந்துடறாங்க."

"அந்தப் பணத்துல எனக்கு ஏதாவது?"

"கேட்டேனே. சுருட்டை வாயிலேருந்து எடுத்து, 'உம் பொண்டாட்டி தங்கமான பொம்பள'ன்னாரு."

"அதை வங்கியில வச்சுக்குவாங்களான்னு கேட்டுட்டு வர்றது தானே?"

ஜூலை இப்படியே போனது. பாக்கி நானூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. நின்றதற்குக் காரணம், ஆகஸ்டில் கோவேறுகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மட்டையைச் சுற்றினார்கள், பந்து அதில் வந்து பட்டது. நாலாவது வெற்றிக்கு அடுத்த நாள் கிளீட்டஸ் ஓடம் சலவைக்கூடத்துக்கு வந்தான். தெற்கத்திக்காரன், அணியின் மேனேஜரும் அவன்தான், பந்து பிடிப்பவனும் அவன்தான். இரண்டு சம்பளம் தரவேண்டிய இடத்தில் அவனுக்குப் பேசியது அரைச் சம்பளம், அதுவும் ஒழுங்காக வருவதில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே துணி வராது."

"ஏன், வேற எடம் பாத்துட்டீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். ஜெயிச்சுட்டு இருக்கோம். ஜெயிக்கறப்போ துவைக்கக் கூடாது. அதிர்ஷ்டம் தண்ணியில போயிடும்."

"உள்சட்டை கூடவா?"

"கால் உறை கூட."

"நான் பெத்த புள்ளையா இருந்தா முதுகுல ரெண்டு வச்சுருப்பேன்" என்றாள் அகதா. ஆனால் அவன் முகத்தில் துளி விளையாட்டு இல்லை. வாசிலைக் கேட்டாள். அவனும் தேவாலயத்தில் நிற்கிற முகத்தோடு தலையாட்டினான். வளர்ந்த ஆம்பிளைகள், எல்லாரும் கல்யாணம் ஆனவர்கள், அழுக்கைக் கும்பிடுகிறார்கள்.

ஏழு, எட்டு, ஒன்பது வெற்றி. ஆகஸ்ட் வெயிலில் அந்தச் சீருடைகள் சாயம் மாறின, பிறகு விறைத்தன. கழற்றி வைத்தால் தானாக நிற்கும் என்றார்கள். எதிரணிக்காரர்கள் பாதி நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள், அதுவும் நமக்குச் சாதகம்தான். பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் வந்தது. ஆட்டம் பார்க்கப் பாதிப்பேர், மோந்து பார்க்கப் பாதிப்பேர். டிரெக்ஸ்லர் பாப்கார்ன் தகரப்பெட்டியில் காசு நிரம்பியது. அகதா போய்க் கேட்டாள். பஸ்ஸுக்குப் பெட்ரோல், பந்துக்குக் காசு, லீகுக்குக் கட்டணம் என்று அவர் அடுக்கினார். "தொழிலாளர் தினத்து ஆட்டம் முடியட்டும், கையில எண்ணி வைக்கறேன்" என்றார்.

தொழிலாளர் தினத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசில் மதுக்கடையிலிருந்து வேகமாக வந்தான். அவன் எதற்கும் வேகமாக வருகிறவன் அல்ல.

"அகதா, டூயி டீமை விக்கிறான். ஒகாயோ மாநிலத்துலேருந்து ஒருத்தன் நாளைக்கு ஆட்டம் பாக்க வரானாம். கையெழுத்தாச்சுன்னா நாளன்னைக்கு டீம் அங்க போயிடும்."

"பாக்கி?"

"பழைய கணக்குக்கு வாங்கறவன் பொறுப்பில்லையாம். டூயி ஃப்ளோரிடா போறானாம், மூட்டு வலிக்கு."

அகதா நாற்காலியில் உட்கார்ந்து நீராவி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அவள் கணக்கில் இடித்துக்கொண்டிருந்தது இதுதான்: தோற்றபோதெல்லாம் துணி அவள் கையில் இருந்தது. பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் காலிப் படிகளுக்கு முன்னால் அம்மணமாக ஆடினால் யாருக்கு நஷ்டம்? ஜெயித்தபோது கூட்டம் வந்தது, பிடித்து வைக்கத் துணி வரவில்லை. டிரெக்ஸ்லர் தப்பித்தது புத்தியால் அல்ல, இந்த அழுக்குச் சாஸ்திரத்தால்.

அந்தச் சாயங்காலமே டிரெக்ஸ்லர் தன் சவப்பெட்டி வண்டியைச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நிறுத்தினார். வீரர்கள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து உடைமாற்றும் அறையிலிருந்து எல்லாச் சீருடைகளையும் வாரிக்கொண்டு வந்திருந்தார். மூட்டை உள்ளே வருமுன் நாற்றம் வந்துவிட்டது.

"மிஸஸ் ருசின்கோ, அவசரம். நாளைக்கு ஒரு பெரிய மனுஷர் வரார், பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்கறான். இந்த நாத்தத்தோட நிறுத்த முடியுமா? வெள்ளையா வேணும், பனி மாதிரி. பையன்களுக்குச் சொல்லாதீங்க."

அகதா மூட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வச்சுட்டுப் போங்க, மிஸ்டர் டிரெக்ஸ்லர்" என்றாள், தேன் மாதிரி.

மறுநாள் காலையில் கதவைப் பூட்டி, வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஓடம் ஓடிவந்தான். பின்னால் பன்னிரண்டு பேர், உடைமாற்றும் அறையிலிருந்து வந்த கோலத்திலேயே, நீள உள்ளாடைகளில், மெயின் தெருவில், ஆட்டம் பார்க்கப் போகும் பெண்களுக்கு நடுவே.

"மேடம்! தண்ணியில போட்டுட்டீங்களா?" ஓடத்தின் குரல் உடைந்தது.

"ஒரு சொட்டு படல."

பன்னிரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அப்போ குடுத்துடுங்க மேடம். ஒரு மணிக்கு ஆட்டம்."

"உனக்கு மூணு மாச சம்பளம் பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்போ நீயும் இங்க உக்காரு. உன் மொதலாளி வருவாரு."

ஓடம் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாகப் படியில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மைதானத்தில் கூட்டம் காலால் பலகையைத் தட்டுகிற சத்தம் மெயின் தெரு வரை கேட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு டிரெக்ஸ்லர் வந்தார், வாயில் சுருட்டு இல்லாமல்.

"என்ன இது? ரெண்டாயிரம் பேர் கத்தறாங்க! துவைச்சாச்சா?"

"துவைக்கல."

"துவைக்கலையா? பரவாயில்ல, அப்படியே குடு!"

"நானூத்திப் பன்னெண்டு, டூயி." பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "காவல் காத்ததுக்கு ரெண்டு. நானூத்திப் பதினாலு."

"செக் எழுதறேன்."

"உன் செக்குக்கு என் வீட்டு வழி நல்லாத் தெரியும். காசு கொண்டா."

"நான் போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. அவர் சட்டையும் இங்கதான் வெளுக்குது. கஞ்சி இல்லாமப் போட்டுக்கிட்டு வரட்டும்."

தெருவில் சிரிப்பு எழுந்தது. டிரெக்ஸ்லர் ஓடத்தைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்ப்பா!"

"எனக்கு உடுப்பு இல்லீங்க சார்" என்றான் ஓடம். "உடுப்பு இல்லாம நான் யாருகிட்டயும் பேசறதில்ல."

ஒகாயோக்காரர் மைதானத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது டிரெக்ஸ்லருக்குத் தெரியும். கூட்டம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போனார். தகரப்பெட்டியோடு வந்தார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

அகதா எழுந்திருக்கவில்லை. வலது கையை நீட்டி விரித்தாள். சோடாக் காரத்தில் வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கை, அந்தத் தெருவில் அதைவிடச் சுத்தமான பொருள் அன்று வேறு எதுவும் இல்லை. டிரெக்ஸ்லர் ஒற்றை டாலர்களாக வைக்க ஆரம்பித்தார். வாசில் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினான். நூறு சேர்ந்ததும் அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு கையை மறுபடி விரித்தாள். இன்னும் மூன்று மணி நேரத்தில், அந்த அழுக்கையெல்லாம் மாட்டிக்கொண்டும் பதினான்குக்கு ஒன்று என்று தோற்கப்போகும் அந்த வீரர்கள், தேவாலயத்தில்கூட இல்லாத அமைதியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு. முந்நூறு. நோட்டு தீர்ந்து சில்லறை வந்தது. அதில் வெண்ணெயும் உப்பும் ஒட்டியிருந்தன.

"நானூத்திப் பதிமூணு" என்றான் வாசில்.

டிரெக்ஸ்லர் பெட்டியை மூடப் போனார். அகதாவின் கை மூடவில்லை. அவர் பெட்டியின் மூலையைத் துழாவி நாலு கால் டாலர் காசுகளை எடுத்து, ஒவ்வொன்றாக, அவள் உள்ளங்கையில் வைத்தார்.