பொறு மாமாவும் வெள்ளைச் சுவரும்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'பொறு'. பெயின்ட் அடிப்பவர். நானும் அவரோடுதான் வேலைக்குப் போகிறேன். ஏணி அவருக்கு, ரோலர் எனக்கு, வாய் முழுக்க எனக்கே. வேலை கொடுத்தவர்கள் "எப்பதான் கலர் அடிப்பீங்க?" என்று குதித்தால் அவரிடமிருந்து ஒரே சொல் வரும்: "பொறு." சுவரின் மேடுபள்ளம் மறையப் பட்டி பூச வேண்டும், அது காய்ந்ததும் தேய்க்க வேண்டும், தூசியைத் துடைக்க வேண்டும், அப்புறம் அடிப்பூச்சாகப் பிரைமர். பிரைமர் இல்லாத சுவர் பெயின்டைக் குடித்துவிட்டுத் திட்டுத் திட்டாக நிற்கும், நாளைக்குத் தோல் தோலாக உரியும். இத்தனையையும் தொண்டை கிழியச் சொல்வது யார்? நான்தான்!

அக்கா தையல்காரி. கல்யாணமானதிலிருந்து அடுப்படி மூலையில்தான் அவள் மெஷின். தைத்த துணியில் புகை வாசம் வருகிறது என்று ஒருத்தி மூக்கைச் சுளித்தபோது என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒருவழியாகச் சொந்தமாக ஒரு கடை அமைந்தது. வாடிக்கைக்காரர்கள் எல்லாரையும் திறப்புக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

"அன்னிக்குக் கடை பளிச்சுனு இருக்கணும். என் மானத்தைக் காப்பாத்துங்க" என்றாள் மாமாவிடம்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரைமரில் ஒரு சொட்டு நீலம் கலப்பார். பட்டியும் வெள்ளை, பிரைமரும் வெள்ளை. எந்த இடம் விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, என் கடையில அழுக்கு வெள்ளையா? அந்த நீலத்தைத் தூக்கி ஓரமா வைங்க!"

ஊருக்கே அசையாத மனிதர் பெண்டாட்டிக்கு அசைந்தார். நீலம் ஓரத்துக்குப் போனது.

திறப்புக்கு முந்தின நாள் மாலைக்குள் மூன்று சுவர்கள் கடல் பச்சையில் ஜொலித்தன. நான்காவதில் நான் ரோலரை வைக்கப் போனேன். மாமா தடுத்து, கையை நனைத்துச் சுவரில் தண்ணீர் தெளித்தார். பிரைமர் அடித்திருந்தால் தண்ணீர் வழிந்து ஓடும். இந்தச் சுவரோ மடக் மடக்கென்று குடித்துக் கறுத்தது. நீலம் கலக்காததால் விட்டுப்போனது எங்கள் கண்ணில் படவே இல்லை.

"நீ அடிச்சிருப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

"நல்ல கதை! நீங்க அடிச்சிருப்பீங்கன்னுதானே நான் இருந்தேன்?"

அக்கா ஓடி வந்தாள். "யாருக்குத் தெரியப்போகுது? பட்டி மேலயே கலரை அடிங்க."

நானும் அவள் பக்கம் சேர்ந்தேன். "மாமா, நம்ம கடைதானே?"

"நம்ம கடைங்கறதாலதான் சொல்றேன். பொறு."

பிரைமர் டப்பாவைத் திறந்தார். வெளியே மழை மூட்டம்; பிரைமர் காய விடிந்துவிடும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே மாமா மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தப் பெண்டாட்டிக்குக்கூட இறங்காத பிடிவாதம் என்ன பிடிவாதம்?

காலையில் மூன்று சுவர் பச்சை, ஒரு சுவர் மொட்டை வெள்ளை. அக்கா தலை நிமிராமல் மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது ஆஸ்பத்திரி நர்ஸம்மா. சிவப்புத் துணியை விரித்தார். பச்சைக்கு எதிரே அது என்னவோ போல் இருந்தது. அப்படியே திரும்பி வெள்ளைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"அட! இங்க வெச்சாதானே துணியோட நிறம் தெரியுது! நல்ல யோசனைம்மா உனக்கு."

அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லாரும் துணியோடு அந்தச் சுவரை மொய்த்தார்கள். மாமாவுக்கு உயிரே போய்விட்டது.

"கை வைக்காதீங்க! அது வெறும் பிரைமர், அழுக்கு ஒட்டிக்கும்! மேல ரெண்டு கோட்டு வெள்ளையாவது அடிக்கணும், இப்பவே அடிக்கணும்!" என்று ரோலரோடு கூட்டத்தை விலக்கினார்.

அக்கா தலை நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

"பொறுங்க."

கடையே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமா ரோலரைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.