சனிக்கிழமையைக் கழித்த ஃபார்முலா

மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீசில் வருகைப் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலைக்குப் போவார்கள். இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவர்களின் பட்டியலை சுரங்க நிர்வாகத்துக்கு அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அதில் பெயர் வந்தால்தான் சீனியாரிட்டி; என்றாவது பெர்மனென்ட் ஆகலாம் என்ற நம்பிக்கை.

எக்செல்லில் சேர்ந்த தேதியையும் கடைசித் தேதியையும் போட்ட லீவையும் கொடுத்து, இடையில் உள்ள வேலை நாட்களை எண்ணும் நெட்வொர்க்டேஸ் ஃபார்முலா போட்டேன். ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் விடை வந்தது. காலையிலேயே மேனேஜர் மேசையில் வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஏழுமலை வந்தார். செகண்ட் ஷிஃப்ட் ஆள்.

"லிஸ்ட்ல என் பேரு இல்லன்னாங்க மேடம்."

"உங்களுக்கு இருநூத்திப் பத்து நாள்தாங்க வருது."

"ஒரு நாளு கூட மட்டம் போடல மேடம். வந்துகினுதான இருக்கேன்."

"கம்ப்யூட்டர் போட்ட கணக்குங்க."

அவர் வாதாடவில்லை. போகவும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேலை ஓடவில்லை. பதிவேட்டை எடுத்து அவருடைய ஒரு மாதத்தை விரலால் எண்ணினேன். இருபத்தாறு. ஃபார்முலாவில் இருபத்திரண்டு.

சனி, ஞாயிறு இரண்டையும் அது விடுமுறையாகக் கழித்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஆஃப், ஏழுமலைக்குப் புதன். ஆஃப் கிழமையை நாமே கொடுக்கிற இன்டில் வகை ஃபார்முலாவில் புதனுக்கான எண் பதினான்கு. போட்டேன். இருநூற்று ஐம்பத்திரண்டு வந்தது.

"உங்க பேரைச் சேத்துடறேங்க. வெளிய சொல்லிக்க வேணாம்."

"மத்தவங்களுக்குப் பாத்தீங்களா மேடம்?" என்றார்.

பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன்.

ஏழுமலை கணக்கை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "கையெழுத்துப் போட்டாச்சும்மா. அவர் பேரை மட்டும் கையால எழுதிடு."

"தப்பு என்னுது சார். முழு லிஸ்ட்டும் தப்பு."

"மணி பன்னெண்டு. முடியுமா?"

"முடியலன்னா, தப்பான லிஸ்ட்டுன்னு எழுதிக் குடுத்துடறேன் சார்."

கையெழுத்துப் போட்ட லிஸ்ட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

எந்த குரூப்புக்கு எந்தக் கிழமை ஆஃப் என்று ஏழுமலை சொல்லச் சொல்ல, பதிவேட்டோடு சரிபார்த்துப் போட்டேன். ஒன்றரைக்கு அவர் ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் போனார். மீதியை நானே முடித்து, நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

புதிதாக முப்பத்தொரு பெயர் சேர்ந்திருந்தது. ஏழுமலையைத் தவிர ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஃபார்முலா போடுமுன் அந்த ஆளுக்கு ஆஃப் எந்தக் கிழமை என்று கேளுங்கள். வந்து கேட்காதவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.