மூணு சட்டைத் தாத்தா

விமான நிலையத்தில் அவருக்குத் தராசு என்றுதான் பேர். கைப்பையை ஒரு பார்வை பார்த்தாலே எடை கூடுதலா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு யாரும் விமானம் ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்கே கம்பெனி கல்தா கொடுத்துவிட்டது. காலம் மோசம், பறக்க ஆள் இல்லை என்றார்கள். பாதி விமானத்தை நிறுத்தினார்கள், பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், மிச்சமிருந்த சீட்டுகளை பஸ் டிக்கெட் விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்படி ஒரு மலிவு டிக்கெட்டில்தான் தராசு பேத்தியைப் பார்க்கக் கிளம்பினார். மகள் இருக்கும் ஊருக்கு அதுதான் கடைசி விமானம். அதன்பிறகு அந்தப் பக்கம் பறப்பதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த டிக்கெட்டுக்குச் சின்னக் கைப்பை ஒன்றுதான் அனுமதி. மீறினால் அபராதம் டிக்கெட்டைவிடப் பெரிசு. வேலை இல்லாத கைக்கு அது கட்டாது.

மகளுக்குத் துணையாக முன்னாடியே போயிருந்த மனைவி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "குழந்தைக்கு வாங்கினதுல ஒண்ணை விட்டுட்டு வந்தாலும், நீங்களும் அங்கேயே இருந்துக்கோங்க."

தராசு மூன்று சட்டை போட்டார். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே குட்டிக் கவுன்கள், போர்வை, அழுத்தினால் பாடும் துணி யானை. கண்ணாடியில் பார்த்தால் மகளுக்கு முந்தி இவருக்குத்தான் பிரசவம் ஆகியிருக்க வேண்டும் போலிருந்தது. மேலே ஒரு கோட்டைப் போட்டு மூடினார்.

கேட்டில் நின்றவள் சிட்டு. அவரிடம் வேலை பழகியவள். "ஆள் குண்டா தெரிஞ்சா பையைப் பார்க்காதே, உட்காரச் சொல்லு. ஒளிச்சு வச்சவன் உட்காரமாட்டான்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"என்னண்ணே, வேலை போனதும் உடம்பு தேறிடுச்சு?"

"வீட்டுச் சாப்பாடு, தங்கச்சி."

"முகம் இளைச்சிருக்கே. சாப்பாடு கழுத்துக்குக் கீழதான் ஒட்டுமா?"

தராசு அசடு வழியப் போனை நீட்டினார். "பேத்தி. மூக்கைப் பாரு, அப்படியே நான்."

"வரிசையில ஒருத்தர் விடாம காட்டிட்டுத்தானே வந்தீங்க. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க."

தராசு கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "நின்னே பழகிடுச்சும்மா."

"உட்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். யானை பாடியது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

"என்ன சத்தம்?"

"எலும்பு. வயசாகுதில்ல."

"எலும்புக்கு ராகம்கூட வருதா?"

"தங்கச்சி, இதை விட்டா வேற விமானம் இல்ல."

"நாளையிலேருந்து இந்தக் கேட்டும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல. உங்களைப் பிடிச்சு யார்கிட்ட நல்ல பேர் வாங்கப் போறேன்? ஆனா அபராதம் உண்டு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்களா யாருக்கும் அந்தப் போட்டோவைக் காட்டக் கூடாது."

"வேற ஏதாவது கேளேன்."

"அப்போ பணத்தை எடுங்க."

தலையை ஆட்டிவிட்டு ஏறினார்.

பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரில் மூழ்கியிருந்தார். தராசு மேகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், போன் இருந்த பையைத் தடவினார். கொடுத்த வாக்கை மீறக் கூடாது. ஏற்கெனவே இறுகியிருந்த சீட் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

யானை பாடியது.

பக்கத்துக்காரர் பேப்பரை மடித்தார். "என்னங்க அது?"

"பாருங்க, நானா ஆரம்பிக்கல. நீங்களாத்தான் கேட்டீங்க" என்று போனை எடுத்தார் தராசு.