எலுமிச்சைச் சாற்றில் நின்ற மஞ்சள்

1. அடியில் தங்காத பாட்டில்

மஞ்சளின் சத்தான குர்குமின் தண்ணீரில் கரையாது. எலுமிச்சைச் சாற்றில் அதைக் கலந்து காட்டத்தான் தூத்துக்குடியில் ஒரு குளிர்பானக் கம்பெனி என்னை லேபில் சேர்த்தது.

முதலில் பால் புரதத்தால் நேனோ அளவில் உறை செய்து, குர்குமினை உள்ளே வைத்தோம். புளிப்பு பட்டதும் உறை திரிந்துபோனது. பல மாதம் இதே கதை. கடைசியில் உறைக்கு மேல், பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் பூச்சு கொடுத்தேன். நின்றது.

முதலாளி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடியில ஒண்ணுமே தங்கலியே மேடம்! சாதிச்சிட்டிய!"

அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

2. கீழவைப்பார் ரெஜினா

சரக்கு கடைகளுக்குப் போன பிறகு, கீழவைப்பாரிலிருந்து ரெஜினா என்ற பெண் கம்பெனிக்கே வந்தாள். கடையில் பாட்டில் கிடைக்கவில்லையாம். கணவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். பாறை கிழித்த கால் புண் ஆறாமல் இருந்தது.

"இது நேரா ரத்தத்துல போயி சேருமாமே அக்கா. கடைக்கார அண்ணாச்சி சொன்னாவ. எங்க வீட்டு அவியளுக்கு சுகர் மாத்திரய நிப்பாட்டிட்டு இதத்தான் குடுக்கேன்."

அந்த ஜூஸில் சீனி வேறு இருந்தது.

"இது வெறும் ஜூஸ்தாம்மா, மருந்தில்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்பொ நேனோ சக்தி, முழுசா ஒடம்புல சேரும்னு எதுக்கு எழுதியிருக்கிய?"

லேபிளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். விற்பனைப் பிரிவு எழுதிய வரி அது. நேராக முதலாளியிடம் போனேன்.

"நீங்கதானே மேடம் நல்லா நிக்குதுன்னு ரிப்போர்ட் குடுத்திய?"

"பாட்டிலுக்குள்ள நிக்குதுன்னுதான் குடுத்தேன் சார். ஒடம்புக்குள்ள என்ன ஆவும்னு நாம டெஸ்ட் பண்ணவே இல்லயே."

"சரி, அடிச்ச லேபிள் தீரட்டும். பெறவு மாத்துவோம்."

அடுத்த பேட்ச்சுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. முதலாளி எனக்குப் பதில் வேறொருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

ரெஜினாவின் கணவருக்கு ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேல் காலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரெஜினா என்னைத் திட்டவில்லை.

"கடல் பக்கமே திரும்ப மாட்டேங்காவ அக்கா," என்றாள்.

இப்போது நான் வேலை பார்க்கும் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். ரிப்போர்ட்டில் எதைச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். எதைச் சோதிக்கவில்லை என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.