இழுத்து வரைந்த வாய்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணங்களில் விருந்தினரை உட்காரவைத்துக் கேலிச்சித்திரம் வரைவது என் தொழில். மூக்கு, மீசை, தொப்பை எதையும் பெரிதாக்குவேன். ஒருவர் மறைக்கிற குறையை மட்டும் தொடமாட்டேன். ஒரே ஒருமுறை, வேண்டுமென்றே தொட்டேன்.

நான் முதன்முதலாகத் திருவிழாவில் வரைய உட்கார்ந்தபோது, "கிறுக்கறவனுக்கு ஒரு கூட்டமாடா?" என்று எல்லார் முன்னாலும் என் தாளைக் கிழித்தவர் ஒரு புளி மண்டிக்காரர். பல வருஷம் கழித்து, பாப்பாரப்பட்டியில் அவர் மகளின் வரவேற்புக்குப் போட்டோகிராபர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். மண்டிக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கவாதத்தில் கோணிய வாயைத் துண்டால் மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"துண்ட எடுங்க, மூஞ்சி தெரியணுமில்லீங்க" என்றேன்.

தயங்கித் தயங்கி எடுத்தார். வாயைக் காதுவரை இழுத்து வரைந்தேன். பின்னால் நின்றவர்கள், "அய்யோ, மாமாவ அப்படியே உரிச்சு வச்சாப்ல இருக்குது!" என்று சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வூட்ல கண்ணாடியெல்லாம் எடுத்து வச்சிட்டாங்க. இவ்வளவு கோணிப்போச்சுங்களா?" என்று குழறலாகக் கேட்டார்.

உண்மையில் கோணல் அதில் கால்வாசிகூட இல்லை. "கூட்டித்தான் வரைஞ்சேனுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் துண்டால் மறுபடி வாயை மூடிக்கொண்டார். மகளோடு போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

தாளைக் கிழித்ததை நான் இன்றும் மன்னிக்கவில்லை. படம் வரைந்ததற்கும் வருந்தவில்லை. அந்த ஒரு பொய்யைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் தொப்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போய் வரைந்தேன்.